சிற்றுயிர்களின் அண்மைப் படங்களுக்கு எளிய ஒளியமைப்பு

2018-ஆம் ஆண்டு மே மாதத்தில், கர்நாடக மாநிலத்தின் ஷிவமொக்கா மாவட்டத்து மக்காச்சோள வயல்களில், அதற்குமுன் இந்நாட்டில் அறியப்படாத ஒரு புழு தென்பட்டது. அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்டு, 2016-இல் ஆப்பிரிக்காவிற் புகுந்து, பின்னர் இங்கும் வந்து சேர்ந்த படைப்புழுவே அது. பெங்களூரிலுள்ள தேசிய வேளாண் பூச்சிவளப் பணியகம் அவ்வாண்டு ஜூலை மாத இறுதியில் இதனைப்பற்றி எச்சரிக்கை விடுத்தது. அதுமுதல், வயலிற் காணும் புழுவைப் படமெடுத்து நிபுணருக்கு அனுப்புவது கள ஊழியரின் அன்றாடப் பணிகளுள் ஒன்றாகிவிட்டது.

மக்காச்சோளத்தைத் தின்னும் புழுக்கள் பல. தண்டுத் துளைப்பான் உண்டு; புரொடீனியாப் புழு உண்டு; கதிர்களைக் கெடுக்கும் காய்ப்புழுவும் உண்டு. இவற்றினின்று படைப்புழுவைப் பிரித்தறிய இரண்டு அடையாளங்களைச் சேர்த்துப் பார்க்கவேண்டும். ஓரளவு வளர்ந்த புழுவின் தலையில், வெளிறிய நிறத்தில், தலைகீழாக நிறுத்திய ஆங்கில ‘ஒய்’ எழுத்துப் போன்ற குறி காணப்படும். வால்முனையை அடுத்துள்ள எட்டாவது வயிற்று வளையத்தில் நான்கு கரும்புள்ளிகள் ஒரு சதுரத்தின் மூலைகள்போல் அமைந்திருக்கும். முழு வளர்ச்சி பெற்ற புழுவின் தலையே ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் அகலந்தான். அந்த மூன்று மில்லிமீட்டர் படத்தில் தெளிவாக விழாவிடில், படம் எடுத்தும் பயனில்லை.

ஆனால் வந்து சேரும் படங்கள் பலவற்றில், ‘ஒய்’ குறி இருக்கவேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைப் பொட்டு மட்டுமே இருக்கும். புழுவின் தலை வழவழப்பான கூடு. அது குவிந்த கண்ணாடிபோல் ஒளியைத் திருப்பி அனுப்பும். கைப்பேசியின் மின்னொளியோ லென்சுக்கு ஒட்டினாற்போல் இருக்கிறது. எனவே ஒளி நேரே சென்று நேரே திரும்பி, அடையாளத்தை அழித்துவிடுகிறது. “படம் தெளிவில்லை, மீண்டும் அனுப்புக” என்று பதில் வரும்போது சில நாட்கள் கழிந்திருக்கும். அதற்குள் புழு குருத்தினுள் நுழைந்து தன் எச்சத்தாலேயே வாயிலை அடைத்துக்கொண்டால், தெளிக்கும் மருந்து அதனை எட்டுவது அரிது. இங்கே குறை காமிராவினுடையதன்று, ஒளியினுடையது. அக்குறையைப் போக்க விலையுயர்ந்த சாதனம் எதுவும் தேவையில்லை.

முதலில் ஓர் அடிப்படை உண்மை. ஒரு விளக்கு எத்தனை வாட் என்பதைவிட, பொருளின் இருப்பிடத்திலிருந்து நோக்கும்போது அது எவ்வளவு பெரிதாகத் தோன்றுகிறது என்பதே நிழலின் தன்மையை நிர்ணயிக்கிறது. சூரியன் மிகப் பெரியது. ஆயினும் தொலைவினால் சிறு வட்டமாகத் தோன்றுவதால், நண்பகல் நிழல் கத்தியால் வெட்டினாற்போல் விழுகிறது. மேகம் மூடினால் வானம் முழுவதுமே விளக்காகிவிடுகிறது, நிழல் கரைந்துபோகிறது. நாம் மேஜைமேல் செய்யவேண்டுவதும் ஒரு சிறிய மேகத்தை அமைப்பதுதான்.

சாதாரண 9 வாட் எல்.இ.டி. பல்பின் விட்டம் சுமார் 6 சென்டிமீட்டர். அதனை 60 சென்டிமீட்டர் தொலைவில் வைத்தால் புழுவுக்கு அது சிறு புள்ளி. பல்புக்கும் புழுவுக்கும் இடையே, புழுவிலிருந்து 15 சென்டிமீட்டர் தொலைவில், 30 சென்டிமீட்டர் சதுரமான டிரேசிங் தாளை நிறுத்துக. இப்பொழுது தாள் முழுவதும் ஒளிர்கிறது. புழுவுக்கு அதுவே விளக்கு. அட்டைப் பெட்டியின் ஒரு பக்கத்தைச் சதுரமாக வெட்டியெடுத்துத் தாளை ஒட்டிவிட்டால் சட்டம் தனியே வேண்டியதில்லை. டிரேசிங் தாள் கிடைக்காத ஊரில் பட்டர் பேப்பரோ, வெளுத்த மெல்லிய வேட்டித் துண்டோ போதும். (இதனை ஆங்கிலத்தில் ‘டிஃப்யூசர்’ என்பர். ‘ஒளிபரப்பி’ எனத் தமிழாக்கினால் வாசகருக்கு வானொலி நிலையம் நினைவுக்கு வருமாதலால், இக்கட்டுரையில் ‘ஒளித்திரை’ என்றே குறிப்பிடுகிறோம்.)

திரை ஒளியைக் குறைக்கும் என்று சிலர் அஞ்சுவர். உண்மையே, ஆனால் பல்பைத் திரையை நோக்கி நகர்த்தி அதனை ஈடுசெய்யலாம். சிறு விளக்கொன்றின் தொலைவைப் பாதியாக்கினால் ஒளி நான்கு மடங்காகும். ஆயினும், திரையை ஒட்டினாற்போல் பல்பை வைத்தால் நடுவில் மட்டும் பிரகாசமான வட்டம் தோன்றி, மீண்டும் சிறு விளக்காகவே ஆகிவிடும். திரை முழுவதும் சீராக ஒளிரும் இடத்தைக் கண்ணாற் பார்த்து அமைத்துக்கொள்வதே முறை.

திரையைப் புழுவின் தலைக்கு நேர்மேலே வையாமல், ஒரு பக்கமாகச் சற்று உயர்த்தி, ஏறத்தாழ 45 பாகைச் சாய்வில் நிறுத்தவேண்டும். வழவழப்பான தலையில் ஒளியின் பிரதிபிம்பம் எங்கேனும் விழுந்தே தீரும். அதனை முழுவதும் ஒழிக்க இயலாது. அப்பிம்பம் விரிந்து மங்கலாகவும், ‘ஒய்’ குறியை விட்டு விலகியும் விழச் செய்வதே நம் நோக்கம். திரையை விரற்கடை அளவு நகர்த்தி நகர்த்திக் காமிராவின் வழியே பார்த்தால், வெண்மை விலகிக் குறி வெளிப்படும் இடம் தானே தெரியவரும். எதிர்ப்பக்கத்து நிழலுக்கு ஒரு வெள்ளை அட்டையோ தெர்மோகோல் துண்டோ போதுமானது. இரண்டாவது விளக்கு வைப்பதைவிட இதுவே மேல் என்பது எம் கருத்து. இரு விளக்குகள் இரு நிழல்களைத் தந்து உருவத்தைக் குழப்பும்.

அண்மைப் படத்திற்கு அதிக ஒளி தேவைப்படுவதற்குக் காரணம் உண்டு. லென்ஸ் உள்ள காமிராவில் பொருளை அதன் இயல்பான அளவிலேயே பதியச் செய்தால், தொலைப்பொருளைப் படமெடுக்கையில் கிடைக்கும் ஒளியில் கால் பங்கே உணர்தகட்டை அடையும். கைப்பேசி இருட்டில் தன் உணர்திறனைத் தானே உயர்த்திக்கொள்ளும். அப்பொழுது தோன்றும் புள்ளிக்கறைகளை நீக்க முயன்று நுண்ணிய மயிர்களையும் சேர்த்து வழித்துவிடும். ஆகவே ஒளி மென்மையாக இருப்பதோடு நிறைவாகவும் இருத்தல் வேண்டும். கைப்பேசியை இரு புத்தக அடுக்குகளின்மேல் பாலம்போல் வைத்து, இரண்டு விநாடி தாமதத்தில் எடுக்கும் வசதியைப் பயன்படுத்தினால் கை நடுக்கமும் ஒழியும்.

நிறத்தைப்பற்றியும் ஒரு சொல். சன்னலின் பகலொளி, கூரையிலுள்ள குழல்விளக்கு, மேஜையின் மஞ்சள் பல்பு ஆகிய மூன்றும் ஒருங்கே விழுந்தால் பழுப்புப் புழு ஒரு பக்கம் நீலமாகவும் மறுபக்கம் செம்மஞ்சளாகவும் தோன்றும். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அணைத்துவிடுக. படத்தின் ஓரத்தில் வெள்ளைத் தாளின் துண்டு ஒன்றும், மில்லிமீட்டர் அளவுகோலும் இருப்பின் நிறத்தையும் அளவையும் நிபுணர் சரிபார்த்துக்கொள்வார். சில மலிவான எல்.இ.டி. விளக்குகள் நம் 50 சுழற்சி மின்சாரத்தில் விநாடிக்கு 100 முறை மினுங்குகின்றன. படத்தில் கரும்பட்டைகள் தோன்றினால் பல்பை மாற்றிப் பார்க்கவேண்டும்.

மின்சாரம் நின்றுவிட்டால்? நேர்வெயில் படாத தாழ்வாரமும், எதிரே பிடித்த வெள்ளைத் தாளும் மேற்கூறிய அமைப்புக்குச் சற்றும் குறைந்தவையல்ல.

உயிருள்ள புழு ஓடிக்கொண்டேயிருக்கும். மூடிய குப்பியில் சில நிமிடங்கள் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் சோர்ந்து அசைவற்றிருக்கும். சாராயத்தில் பதப்படுத்திய மாதிரியாயின், ஈரப்பளபளப்புப் பெரும் தொல்லை தரும். அதனை வெளியே எடுக்காமல், தட்டையான கண்ணாடித் தட்டில் சாராயம் மூடிநிற்குமாறு கிடத்தி, ஒளியைப் பக்கவாட்டில் செலுத்தினால் உடலின் பளபளப்பு மறையும். சாராயம் எளிதில் தீப்பற்றுவது. வெப்பம் உமிழும் பழைய மின்னிழை பல்பை அதன் அருகிலோ, தாள் திரையின் அருகிலோ கொண்டுசெல்லலாகாது.

ஆசிரியர்கள் இவ்வுண்மைகளை வகுப்பில் காட்டப் புழுவைத் தேட வேண்டுவதில்லை. ஒரு வேப்பிலையை மேஜைமேல் வைத்து, கைவிளக்கை முதலில் நேர்மேலிருந்தும், பின்னர் மேஜைமட்டத்திலிருந்தும் பிடித்துக் காட்டுக. மேலிருந்து தட்டையாகத் தோன்றிய இலையில், பக்க ஒளியில் நரம்புகள் வரப்புகளைப்போல் எழுந்து நிற்கும். தேய்ந்த நாணயத்தின் எழுத்துக்களையும் இவ்வாறே படிக்கலாம். ஆனால் புதிய, பளபளக்கும் நாணயத்துக்கு இம்முறை ஒவ்வாது. அதற்கு ஒளித்திரையே வேண்டும். ஏன் என்று மாணவர்களையே கேட்கலாம்.

எடுத்த படத்தைச் செய்திச் செயலிகளின் வழியே சாதாரணப் படமாக அனுப்பினால் அது சுருங்கி நுட்பம் குன்றும், மூலக்கோப்பாகவே அனுப்பவேண்டும். தலையின் முன்பக்கம் ஒன்று, வால்பகுதியின் மேற்பக்கம் ஒன்று, முழு உடல் ஒன்று என மூன்று படங்களும், பயிரின் பெயர், ஊர், தேதி ஆகியனவும் இருத்தல் நலம். படம் மாதிரிக்கு மாற்றாகாது. பதில் வரும்வரை புழுவைக் குப்பியில் பெயர்ச்சீட்டோடு வைத்திருக்கவும்.