தராசுக்குத் தெரியாத மாற்றம்

தைப்பிங் ஏரிப் பூங்காவில் காலையில் நடப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், பாதியில் நின்றுபோன யாரோ ஒருவரைப் பற்றிய பேச்சும் வந்துவிடும். நின்றதற்குச் சொல்லப்படும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: "மூணு மாசமா ஏரியைச் சுத்தினேன், ஒரு கிலோகூட எறங்கல." மழை, முழங்கால் வலி, ஷிப்ட் வேலை என்றால் மாற்று வழி சொல்லலாம். எடை குறையவில்லை என்பதற்காக நடையை விடுவதுதான் என்னை வருத்துகிறது. அவர் நிறுத்திய நாளில்கூட அவர் உடலுக்குள் பலன் சேர்ந்துகொண்டுதான் இருந்திருக்கும். அதைக் காட்ட தராசுக்கு வழியில்லை.

இதைச் சென்னையில் முறையாகவே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். நீரிழிவு மருத்துவர் அ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்து, 2006இல் வெளியான ஆய்வு அது. நடுத்தரக் குடும்பத்தவர் 531 பேர் அதில் சேர்ந்தார்கள். யாருக்கும் நீரிழிவு வந்திருக்கவில்லை. ஆனால் சர்க்கரை அளவு எல்லோருக்கும் எல்லையை நெருங்கியிருந்தது. ஒரு பிரிவினருக்கு வழக்கமான பொது அறிவுரை மட்டும். இன்னொரு பிரிவினருக்குத் தினமும் குறைந்தது 30 நிமிட வேக நடை, கூடவே சீனியையும் கொழுப்பையும் குறைத்து நார்ச்சத்தைக் கூட்டிய சாப்பாடு. ஏறக்குறைய மூன்று ஆண்டுகளில் முதல் பிரிவில் நூற்றுக்கு 55 பேருக்கு நீரிழிவு வந்துவிட்டது. நடந்தவர்களில் 39 பேருக்கு. மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் சாப்பிட்ட மூன்றாவது பிரிவிலும் கிட்டத்தட்ட அதே அளவுதான். நடையும் சாப்பாட்டு மாற்றமும் மாத்திரைக்கு ஈடாக நின்றன. இதில் நான் அடிக்கோடிட விரும்புவது வேறொன்று: நடந்தவர்களின் எடை சொல்லும்படியாகக் குறையவே இல்லை. எடை இருந்தபடியே இருக்க, நோய் விலகி நின்றது.

எப்படி? சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் ஏறும் குளுக்கோஸில் பெரும்பங்கை இன்சுலின் கொண்டுபோய்ச் சேர்க்கும் இடம் எலும்புகளைப் பற்றியுள்ள தசைகள். குளுக்கோஸைத் தசைச் செல்லுக்குள் இழுக்கும் புரதத்துக்கு க்ளூட்-4 என்று பெயர். சும்மா இருக்கும்போது அது செல்லுக்குள் சிறு பைகளில் அடைந்துகிடக்கும். இன்சுலின் வந்து தூண்டினால் செல்லின் மேற்பரப்புக்கு வரும். தோட்டத்தில் விடியுமுன் அடித்த பெரட்டு மணியையும், அதைக் கேட்டு லயத்திலிருந்து ஆட்கள் புறப்பட்டு வந்ததையும் நினைத்துக்கொள்ளுங்கள். நீரிழிவின் தொடக்கத்தில் மணி முன்னைவிட உரக்கவே அடிக்கிறது. புறப்பட்டு வரும் ஆட்கள்தான் குறைவு. கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரந்து ஒருநாள் களைத்துப்போகிறது.

தசை சுருங்கி விரியும்போது நடப்பது வேறு கதை. அசைவே க்ளூட்-4ஐ மேற்பரப்புக்குக் கொண்டுவந்துவிடுகிறது. இன்சுலினின் உத்தரவுக்காக அது காத்திருப்பதில்லை. இன்சுலினுக்குச் செவிசாய்க்காத உடலிலும் இந்த இரண்டாவது வழி திறந்தே இருக்கிறது. நடந்து முடித்த பிறகும் தசைகள் இன்சுலினுக்கு நன்றாக இணங்கும் நிலை ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள்வரை நீடிக்கிறது. அதனால்தான் தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் விடாதீர்கள் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூச்சுவாங்க ஓடுகிறவருக்கு வியாழக்கிழமை அந்தப் பலன் மிச்சமிருக்காது. தன் உழைப்பின் விளைவைக் கண்ணால் பார்க்க ஆசைப்படுகிறவர், குளியலறைத் தராசை விட்டுவிட்டு, ஏறத்தாழ மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி ரத்தப் பரிசோதனையைப் பார்ப்பது நல்லது.

தராசு நம்மவர்களை இன்னொரு விதத்திலும் ஏமாற்றுகிறது. புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கினும் 2004இல் லான்செட் இதழில் தங்கள் இருவரின் படத்தையே வெளியிட்டார்கள். உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு இருவருக்கும் ஒன்றே: 22.3. உடற்கொழுப்போ யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு. பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு மிகுதி, தசை குறைவு. தெற்காசிய உடல்களில் இது சாதாரணம். "நான் ஒல்லிதானே, எனக்கு எதுக்கு உடற்பயிற்சி?" என்று கேட்கும் தம்பிமார்கள் அந்த இரண்டு எண்களைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

பேராக்கின் பால்மரக் காடுகளில் வேலை செய்த நம் தாத்தா பாட்டிக்கு உடற்பயிற்சி என்று தனியாக ஒன்று தேவைப்படவில்லை. இருட்டிலேயே எழுந்து, நூற்றுக்கணக்கான மரங்களுக்கு ஒவ்வொன்றாக நடந்து, குனிந்தும் நிமிர்ந்தும் பட்டை சீவி, மறுபடி அதே வழியில் வந்து மங்குப் பாலை வாளியில் ஊற்றி, காண்டாக் கம்பின் இரு முனையிலும் நிறைந்த வாளிகளைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு நடந்தார்கள். நடையும் பளு தூக்குதலும் ஒரே காலைப்பொழுதில் முடிந்தன. அந்த வாழ்க்கையை நான் போற்றவில்லை. கூலி சொற்பம், இளைப்பாற நேரமில்லை, முதுகு ஒடிந்தவர்கள் ஏராளம். ஆனால் அந்த உழைப்பில் தசைகள் சும்மா இருந்ததில்லை என்பது உண்மை. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, செம்பனைக்கு மாறின, சில வீடமைப்புப் பகுதிகளாயின. பிள்ளைகள் தாமான் வீட்டுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் தொழிற்சாலை நாற்காலிக்கும் வந்தார்கள். தட்டில் சோற்றின் அளவு மட்டும் பெரிதாக மாறவில்லை. 2019இல் நடந்த தேசிய உடல்நல ஆய்வின்படி, மலேசியாவில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே 31.4 விழுக்காடு, பத்துப் பேரில் மூன்று பேர்.

சென்னை ஆய்வில் ஒரு சின்ன விதி உண்டு. ஏற்கெனவே உடலுழைப்பு வேலை செய்கிறவர்களையும், தினமும் அரை மணிக்கு மேல் நடந்தோ சைக்கிளிலோ போகிறவர்களையும் அதையே தொடரச் சொன்னார்கள். உழைப்பு வயலிலிருந்து வருகிறதா பூங்காவிலிருந்து வருகிறதா என்பது தசைக்குப் பொருட்டல்ல. இழந்த உழைப்பை எங்கேயாவது திரும்பச் சேர்த்தாக வேண்டும், அவ்வளவுதான்.

அதற்குத் தைப்பிங்கைப் போல வாய்த்த ஊர் நாட்டில் குறைவு. ஈயச் சுரங்கம் தோண்டி விட்டுப்போன பள்ளங்களை ஏரிகளாக்கி 1880இல் அமைத்த பூங்கா, மலாயாவின் முதல் பொதுப் பூங்கா. 1884இல் நட்ட தூங்குமூஞ்சி மரங்கள் சாலையைத் தாண்டி ஏரித் தண்ணீர்வரை கிளை நீட்டியிருக்கின்றன. அந்த நிழலில் பகல் வெயிலும் அவ்வளவாக உறைக்காது. கட்டணமில்லை, பாதை சமதளம், முழங்காலுக்கு இதம். கொஞ்சம் பழகியவர்களுக்கு, பக்கத்திலேயே முன்பு மேக்ஸ்வெல் மலை என்றழைக்கப்பட்ட புக்கிட் லாருட்டின் வளைந்தேறும் சாலை இருக்கிறது.

மலையைப் பற்றி ஒரு செய்தி. ஆஸ்திரியாவில் ஹைன்ஸ் டிரெக்சல் என்ற மருத்துவரின் குழு, ஆல்ப்ஸ் மலையில் 45 பேரை இரண்டு மாதம் ஏற்றம் மட்டும் நடக்கவிட்டுக் கேபிள் காரில் இறக்கியது. இன்னொரு இரண்டு மாதம் கேபிள் காரில் ஏற்றி இறக்கம் மட்டும் நடக்கவிட்டது. ஏறியபோது ரத்தத்தில் டிரைகிளிசரைடு கொழுப்பு குறைந்தது. ஆச்சரியம் இறக்கத்தில்தான்: உடல் சர்க்கரையைக் கையாளும் திறன் கூடியது. இறங்கும்போது தொடைத் தசை நீண்டபடியே உடலின் பாரத்தைத் தடுத்து நிறுத்துகிறது. மூச்சு அதிகம் வாங்காமலே தசைக்கு வேலை கிடைத்துவிடுகிறது. சிறிய ஆய்வுதான். ஆனாலும் இறக்கத்தைச் சும்மா வருவதாக எண்ண வேண்டாம். மூட்டு தேய்ந்தவர்களுக்கு மட்டும் ஏரிக்கரையே போதும்.

"இந்த வயசுக்கு மேல என்ன அண்ணே?" என்பது அடுத்த தயக்கம். 1966இல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் இருபது வயது இளைஞர் ஐவரை மூன்று வாரம் படுக்கையிலேயே கிடக்கவைத்து ஆராய்ந்தார்கள். முப்பது ஆண்டு கழித்து அதே ஐவரைத் திரும்ப அழைத்து அளந்தார்கள். முப்பது ஆண்டு முதுமை பறித்ததைவிட, அந்த மூன்று வாரப் படுக்கை அவர்களின் உடல் திறனைக் கூடுதலாகப் பறித்திருந்தது. பிறகு ஆறு மாதம் படிப்படியாகப் பயிற்சி கொடுத்ததில், வயது கொண்டுபோன ஆக்சிஜன் பயன்படுத்தும் திறன் முழுவதும் திரும்பியது. 1990இல் பாஸ்டனில் சராசரி 90 வயதுள்ள பத்து முதியவர்களுக்கு எட்டு வாரம் கால்களுக்குப் பளுப் பயிற்சி கொடுத்தபோது, அவர்களின் கால் வலு இரண்டு மடங்கைத் தாண்டியது.

இந்தப் பளுப் பயிற்சியைத்தான் நம் வீடுகளில் மறந்துவிடுகிறோம், குறிப்பாகப் பெண்கள் விஷயத்தில். உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அத்துடன் குறைந்தது இரண்டு நாள் தசையை வலுப்படுத்தும் பயிற்சி. முன்னதை எல்லோரும் சொல்கிறார்கள். பின்னதை யாரும் பேசுவதில்லை. கையூன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்கார்வது, சுவரில் கைவைத்துத் தள்ளுவது, தண்ணீர் நிறைத்த போத்தல்களைத் தூக்குவது. தொடங்க இவை போதும்.

அரை மணி ஒரேயடியாகக் கிடைக்காதவர்கள் பிரித்துக்கொள்ளலாம். 2013இல் அமெரிக்காவில் அறுபது வயதைக் கடந்த பத்துப் பேரிடம் நடந்த ஒரு சோதனையில், மூன்று வேளை சாப்பாட்டுக்குப் பின்னும் 15 நிமிடம் நடந்தது, காலையில் ஒரேயடியாக 45 நிமிடம் நடந்ததற்குச் சமமாக நாள் முழுதும் சர்க்கரையைக் குறைத்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரையை அடக்குவதில் அதைவிட மேலாகவும் இருந்தது. ஆண்டுக்கு ஏறத்தாழ 4,000 மில்லிமீட்டர் மழை கொட்டும் தைப்பிங்கில் மாலையை நம்ப முடியாது. காலையைப் பூங்காவுக்கு வைத்துக்கொண்டு, மழை நாளில் கடைவீதி அஞ்சடியிலோ வீட்டுக் கூடத்திலோ கால் மணி நடந்தால் கணக்கு சரியாகும். ஒரு நாள் தவறினாலும் பாதகமில்லை. லண்டனில் பிலிப்பா லாலி 96 பேரை வைத்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு புதுப் பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாளிலேயே, சிலருக்கு எட்டு மாதம் ஆனாலும் ஆகலாம். இடையில் ஒரு நாள் விட்டுப்போனது பழக்கத்தைக் குலைக்கவில்லை.

ஏற்கெனவே இனிப்பு நீர் உள்ளவர்களுக்குச் சில எச்சரிக்கைகள். இன்சுலின் ஊசியோ கிளிக்லசைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்களுக்கு நடக்கும்போது சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கக்கூடும். கிளினிக்கில் முன்கூட்டியே சொல்லி மருந்தின் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள், சட்டைப் பையில் ஒரு மிட்டாய் இருக்கட்டும். நெஞ்சு இறுகினால் அங்கேயே நிறுத்திவிட்டு உடனே மருத்துவ உதவி தேட வேண்டும். வெறுங்காலோடோ செருப்போடோ நடக்காமல், பாதத்தை மூடும் பொருத்தமான சப்பாத்து போட்டு நடங்கள். கால் மரத்தவர்களுக்கு உரசலும் கொப்புளமும் தெரியாது. நனைந்த காலுறையால் தோல் ஊறி எளிதில் கிழியும். வீடு திரும்பியதும் காலைத் துடைத்து, விரல் இடுக்குகளையும் பாதத்தின் அடியையும் வெளிச்சத்தில் பாருங்கள். குனிய முடியாதவர்களுக்கு வீட்டில் யாராவது பார்த்துச் சொல்லட்டும்.