டிரம்முக்குள் ஒரு கரண்டித் தண்ணீர்

குளிர்பதனக் கிடங்கின் சுவரிலும் தகரக் கூரையின் அடியிலும் பீய்ச்சியடிக்கப்படும் பாலியூரிதேன் நுரை, துப்பாக்கி முனையை விட்டு வந்த சில விநாடிகளில் பொங்கி விரைவிலேயே இறுகிவிடுகிறது. இறுகிய பிறகு நெருப்பை மட்டும் அண்டவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும். அதற்கு முன்னால்தான், கிடங்கு மூலையில் ஜோடியாக நிற்கும் இரண்டு டிரம்களிடம்தான், அதிகக் கவனம் தேவை.

ஒரு டிரம்மில் இருப்பது ஐசோசயனேட். தொழிலில் சுருக்கமாக ‘ஐசோ’. இங்கே பயன்படுவது எம்.டி.ஐ. என்ற பழுப்புநிறத் திரவம். மற்றதில் பாலியால், அதோடு வினையூக்கி, தீத்தடுப்பான், நுரையை ஊதவைக்கும் திரவம். 1937இல் ஜெர்மனியின் லெவர்குசன் நகரில் ஓட்டோ பேயரின் குழு தொடங்கிவைத்த வேதியியல் இது.

ஐசோவும் தண்ணீரும் சேர்ந்தால் கார்பன் டை ஆக்சைடு பிறக்கும். பல கலவைகளில் பாலியாலோடு வேண்டுமென்றே கொஞ்சம் தண்ணீர் சேர்ப்பதே இதற்காகத்தான். நுரையைப் பொங்கவைப்பது அந்த வாயு. சுவரில் பயன் தரும் அதே வினை மூடிய டிரம்முக்குள் நடந்தால் என்ன ஆகும்? கணக்கு எளிது. 18 மில்லி தண்ணீர், ஒரு பெரிய கரண்டி அளவு, முழுதாக வினைபுரிந்தால் சுமார் 24 லிட்டர் வாயு வரும். நிறைந்த 200 லிட்டர் டிரம்மின் தலைப்பகுதியில் அவ்வளவு காலியிடம் கிடையாது. இரண்டும் சட்டென்று கலப்பதில்லை என்பதால் வினை மெதுவாக நடக்கும். மாலையில் ஒழுங்காக மூடிவைத்த டிரம் மறுநாள் உப்பி நிற்கும்; வெடிக்கவும் செய்யும். ஆகவே, தண்ணீர் பட்டது என்ற சந்தேகம் வந்தாலே மூடியை இறுக்கக் கூடாது.

1984 டிசம்பரில் போபாலில் விஷவாயு கசிந்ததும் தண்ணீர் புகுந்ததால்தான். அங்கே தொட்டியில் இருந்தது மெத்தில் ஐசோசயனேட், இதே குடும்பம். அது 39 டிகிரியில் கொதித்து ஆவியாகும் கொடிய பொருள், எம்.டி.ஐ. சாதாரண வெப்பத்தில் மிகக் குறைவாகவே ஆவியாகும். இரண்டையும் ஒன்றாக நினைக்க வேண்டாம். ஆனால் தண்ணீரோடு இரண்டுக்கும் உள்ள பகை ஒன்றுதான்.

தண்ணீர் மழையாகத்தான் வர வேண்டும் என்பதில்லை. சென்னை போன்ற கடலோர ஊர்களில் காற்றே ஈரம் சுமந்து வருகிறது. டிரம்மிலிருந்து ஐசோவை உறிஞ்ச உறிஞ்ச, அந்த இடத்தை நிரப்ப வெளிக்காற்று உள்ளே போகும். அந்த வழியில் சிலிக்கா ஜெல் நிரப்பிய சிறு குடுவை ஒன்றை மாட்டுவார்கள். நீலநிற மணிகள் ஈரத்தை உறிஞ்சி இளஞ்சிவப்பானால் மாற்றிவிட வேண்டும். பராமரிப்பில் இதைவிட மலிவான வேலை வேறில்லை. அதிகம் மறந்துபோவதும் இதுதான்.

அடுத்து பம்ப். ஐசோ பக்கத்துப் பம்பின் தண்டு மேலும் கீழும் ஓடும்போது, அதில் ஒட்டிய மெல்லிய ஐசோ படலம் காற்றின் ஈரத்தைப் பிடித்து, கண்ணாடித் தூள் மாதிரி கடினப் படிகமாகும். அது சீலை அறுத்துவிடும். அதைத் தடுக்கத் தண்டின் கழுத்தைச் சுற்றியுள்ள கிண்ணத்தில் உயவுத் திரவம் நிற்கிறது. தினமும் அதைப் பார்க்க வேண்டும். நிறம் மாறியிருந்தால் சீல் கசிகிறது என்று அர்த்தம். வேலை முடிந்ததும் தண்டைக் கீழிறக்கி நிறுத்த வேண்டும், குழாய்களின் அழுத்தத்தை விடுவித்து முனைகளை மூட வேண்டும். பல கருவிகளில் ஐசோ குழாய்க்குச் சிவப்பு, பாலியால் குழாய்க்கு நீலம். இந்தப் பக்கத்து வடிகட்டியையோ துடைத்த துணியையோ அந்தப் பக்கம் கொண்டுபோனால், நுரை துப்பாக்கிக்குள்ளேயே இறுகிவிடும்.

பாலியால் டிரம்முக்குப் பிரச்சினை வெயில். அதில் கலக்கும் ஊதுதிரவங்கள் சில 15 முதல் 20 டிகிரிக்குள்ளேயே கொதிப்பவை. நம் ஊரில் நிழலிலும் டிரம்முக்குள் அழுத்தம் சேரும். அதனால் சிறிய மூடியை மெல்லத் தளர்த்தி, சீறல் அடங்கிய பிறகே திறக்க வேண்டும். சேமிப்பு வெப்பநிலை லேபிளிலேயே இருக்கும். பெரும்பாலும் 15 முதல் 25 டிகிரியை ஒட்டி. தகரக் கொட்டகையில் மே மாதம் அதற்கு வழியே இல்லை. காலாவதித் தேதி கடந்த பாலியால் சரியாகப் பொங்காது.

எனக்குப் பெரிய கவலை வேலை செய்பவர்களின் நுரையீரல் பற்றியது. தொழில்வழி ஆஸ்துமாவை உண்டாக்கும் முக்கிய வேதிப்பொருள்களில் ஐசோசயனேட்டும் ஒன்று. உடல் ஒருமுறை அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பிறகு மிகச் சிறிய அளவும் மூச்சுத்திணறலைக் கிளப்பும். வாடையை நம்பி இருக்க முடியாது. மூக்குக்குத் தெரியும் அளவு பாதுகாப்பு வரம்பைத் தாண்டியது. துணி முகக்கவசமும் உதவாது. தெளிக்கும்போது வெளியிலிருந்து சுத்தக் காற்று தரும் கவசம் வேண்டும். டிரம் மாற்றும்போதுகூட நைட்ரைல் கையுறையும் கண்ணாடியும் வேண்டும். அவற்றை வாங்கித் தருவது முதலாளியின் பொறுப்பு.

ஐசோ சிந்தினால் மணலைப் போட்டு உறிஞ்சி, திறந்த பாத்திரத்தில் அள்ளி, சலவைச் சோடாவும் சிறிது சோப்பும் கலந்த தண்ணீரை ஊற்றி, இரண்டு மூன்று நாள் காற்றோட்டமான இடத்தில் மூடாமல் வைக்க வேண்டும். காலி டிரம்மையும் இப்படியே செயலிழக்கச் செய்து, துளையிட்டு, உரிமம் பெற்ற கழிவுச் சேகரிப்பாளரிடம் ஒப்படைக்க வேண்டும். வெட்டவோ வெல்டிங் செய்யவோ நெருப்பை அருகில் கொண்டுபோகக் கூடாது. துளையிடச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு: முழுதாக வெளியே போகும் டிரம், தண்ணீர் பிடிக்கும் டிரம்மாக யார் வீட்டு வாசலிலாவது வந்து நிற்கும்.