பழைய சி.என்.சி மெஷினுக்கு எந்த சாஃப்ட்வேர்? வாங்கும் முன் கேட்க வேண்டிய ஒரு கேள்வி

திண்டிவனத்தில் ஒரு மரப்பட்டறை என்று வைத்துக்கொள்வோம். தேக்குக் கதவில் மயில் டிசைன் ஓடுகிறது. நாலு மணி நேர வேலையில் மூணு மணி நேரம் முடிஞ்சாச்சு. அப்போது கம்ப்யூட்டர் ஒரு நொடி திணறுகிறது. கட்டர் தடம் மாறுகிறது. பலகை வீண்!

‘மெஷின் சரியில்லை’ என்பதுதான் முதலில் வரும் வார்த்தை. ஆனால், பல நேரங்களில் கோளாறு இரும்பில் இருக்காது. அதை ஓட்டும் சாஃப்ட்வேரில் இருக்கும்.

2019 வரை விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த கள்ளக்குறிச்சியின் மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடே உண்டு. கை உளிக்குப் பேர்போன இந்த வட்டாரத்தில், செகண்ட் ஹேண்ட் ரவுட்டர் வாங்கித் தொழிலை விரிவுபடுத்த நினைப்பவர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான்.

சாஃப்ட்வேரின் வேலை என்ன?

நாம் வரைந்த டிசைன் ‘ஜி-கோட்’ என்ற கட்டளை வரிகளாக மாறும. கன்ட்ரோல் சாஃப்ட்வேர் அதைப் படித்து, மோட்டாருக்கு மின்துடிப்புகளாக அனுப்பும்.

ஒரு சின்ன கணக்கு. சாதாரண ஸ்டெப்பர் மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப். டிரைவர் ஒவ்வொரு ஸ்டெப்பையும் 8 ஆகப் பிரித்தால் 1,600 துடிப்பு. ஒரு சுற்றுக்கு 5 மி.மீ நகரும் ஸ்க்ரூ என்றால், 1 மி.மீ-க்கு 320 துடிப்பு. நிமிடத்துக்கு 3 மீட்டர் வேகத்தில் ஓட, நொடிக்கு 16,000 துடிப்பு வேண்டும். இது தாறுமாறானால் மோட்டார் ஸ்டெப்பைத் தவறவிடும். என்கோடர் இல்லாத மெஷினுக்கு, தான் தவறியதே தெரியாது.

ஆக, அந்தத் துடிப்பை அனுப்புவது யார் என்பதில்தான் இந்த சாஃப்ட்வேர்கள் வேறுபடுகின்றன.

மேக்3

விண்டோஸில் ஓடுவது. பார்க்கப் பழகிய திரை, கற்றுக்கொள்வது எளிது. சிக்கல், பழைய மெஷின்களில் இது கம்ப்யூட்டரின் 25 பின் பேரலல் போர்ட் வழியாக வேலை செய்யும். அதற்கான டிரைவர் 64 பிட் விண்டோஸில் ஓடாது. பழைய கம்ப்யூட்டர் போனால், புது லேப்டாப்பை அப்படியே மாட்ட முடியாது, யு.எஸ்.பி அல்லது ஈதர்நெட் மோஷன் கார்டு வாங்க வேண்டும்.

லினக்ஸ்சி.என்.சி

அமெரிக்க அரசின் தரநிலை நிறுவனமான நிஸ்ட் உருவாக்கிய இ.எம்.சி மென்பொருளின் வாரிசு. 2011-ல் இந்தப் பெயர் வந்தது. முற்றிலும் இலவசம். நேரம் தவறாமல் துடிப்பு அனுப்ப, ரியல் டைம் லினக்ஸில் ஓடும். மீசா போன்ற கார்டைச் சேர்த்தால், என்கோடர் உள்ள சர்வோ மோட்டார்களையும் ஆளும். கன்ட்ரோலர் செத்துப்போன பழைய மில்லிங், லேத் மெஷினை மீட்க நல்ல வழி. ஆனால், செட்டிங் செய்யப் பொறுமை வேண்டும். எல்லா கம்ப்யூட்டருக்கும் ஒத்துவராது. லேட்டன்சி டெஸ்ட் ஓட்டிப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும்.

ஜி.ஆர்.பி.எல்

2009-ல் நார்வேயில் பிறந்தது. ஆர்டுயினோ போர்டுக்குள்ளேயே உட்கார்ந்து, நொடிக்கு 30,000 துடிப்பு வரை தரும். கம்ப்யூட்டரின் வேலை ஜி-கோட் வரிகளை அனுப்புவது மட்டுமே. விழுப்புரம், திண்டிவனம் அண்ணா பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரிகளில் படிப்பவர்கள் புராஜெக்ட்டுக்குச் சின்ன மெஷின் கட்டினால், இது போதும். அடிப்படைப் பதிப்பில் மூன்று அச்சுகள்தான். கூடுதலாக ஒரு ரோட்டரி அச்சு வேண்டுமென்றால், ஜி.ஆர்.பி.எல்.ஹால் போன்ற புதிய வடிவங்களைப் பார்க்கலாம்.

கையடக்க டி.எஸ்.பி

மர ரவுட்டர்களில் வரும் ரிமோட் போன்ற கருவி. பென் டிரைவில் ஃபைலைப் போட்டால் போதும், கம்ப்யூட்டரே வேண்டாம். பல மாடல்களில், கரன்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி உண்டு. ஆனால், நம் இஷ்டத்துக்கு மாற்றியமைக்க இடம் குறைவு.

இதை மறந்துடாதீங்க

எதை எடுத்தாலும் மூன்று விஷயங்கள் கட்டாயம். ஒன்று, ஹோமிங் ஸ்விட்ச். கரன்ட் போய் வந்தபின் மெஷின் தன் இடத்தைத் திரும்பக் கண்டுபிடிக்க அதுதான் உதவும். இரண்டு, எமர்ஜென்சி ஸ்டாப். திரையில் இருக்கும் சிவப்பு பட்டனை மட்டும் நம்பக் கூடாது. சாஃப்ட்வேர் உறைந்தால் அதுவும் உறையும். ஸ்பிண்டிலையும் மோட்டார்களையும் நேரடியாக நிறுத்தும் நிஜ ஸ்விட்ச் வேண்டும். மூன்று, செட்டிங்ஸ் ஃபைலின் நகல் பென் டிரைவில் இருக்கணும்.

செகண்ட் ஹேண்ட் மெஷின் பார்க்கப் போகும்போது விலையைப் பேசும் முன் இதைக் கேளுங்கள்: “இந்தக் கம்ப்யூட்டர் நாளைக்கே போயிடுச்சுன்னா, மெஷினை எப்படி ஓட்டுவீங்க?” தெளிவான பதில் வராவிட்டால், மாற்று கன்ட்ரோலருக்கான செலவையும் விலையோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள்.