அவரிடமே கேளுங்கள்

அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைக்கு 18 வயதானதும் சிறப்புப் பள்ளி முடிந்துவிடும். சேலம், நாமக்கல் கிராமங்களில் பலருக்கு அதன்பிறகு வீட்டுத் திண்ணைதான் உலகம். “உடம்புதான் வளந்திருக்கு, மனசு ஆறு வயசுப் பையனாட்டங்க” என்பார்கள் வீட்டார். பாசத்தில் சொல்வதுதான். ஆனால் சோதனையில் வரும் மனவயது வெறும் மதிப்பெண். முப்பது வயதுக்காரர் முப்பது ஆடிப்பெருக்கைப் பார்த்தவர். கல்யாணமும் சாவும் கண்டவர். அந்த அனுபவம் ஆறு வயதுப் பையனுக்குக் கிடையாது.

இனிமேல் அவர் என்ன கற்றுக்கொள்ளப் போகிறார் என்ற கேள்விக்கு உளவியல் எப்போதோ பதில் சொல்லிவிட்டது. 1955-ல் இங்கிலாந்தில் ஆலன் கிளார்க்கும் பியாட்டே ஹெர்மலினும், அறிவுசார் குறைபாட்டுக்காக மருத்துவமனைகளில் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த பெரியவர்களுக்கு மின்கம்பியை அளவாக வெட்டவும், சைக்கிள் பம்பின் பாகங்களை வரிசை மாறாமல் பூட்டவும் கற்றுக்கொடுத்தார்கள். தொடக்கத்தில் தடுமாறியவர்கள் பழகப் பழகத் தேறினார்கள். 1970-களில் அமெரிக்காவில் மார்க் கோல்டு இத்தகையவர்களை 15 பாகங்கள் கொண்ட சைக்கிள் பிரேக்கைப் பூட்டப் பழக்கினார். வேலையைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்தார். அதிகம் பேசமாட்டார். தவறினால், “வேறு மாதிரி செய்து பார்” என்பார்.

நாமக்கல்லில் கோழிப்பண்ணை வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். முட்டை ட்ரேயில் 30 குழி. விரிசல் விட்டதைத் தனியே வைக்க வேண்டும். ஒரு குழியில் ஒரு முட்டை, அகன்ற பக்கம் மேலே. நிரம்பியதும் அடுத்த ட்ரே. “ஒழுங்கா அடுக்கு” என்று மொத்தமாகச் சொன்னால் அவர் திகைத்து நிற்பார். கையில் எடுத்துக் காட்டி, ஒரு படி பிடிபட்ட பிறகே அடுத்ததற்குப் போனால் பலருக்கு வேலை வசப்படும். அந்தப் பொறுமைக்கு நாம் தயாரா என்பதுதான் என் கேள்வி.

பெரிய சிக்கல், பேச்சில் இருக்கிறது. 1981-ல் கேரல் சிகல்மனும் உடன் ஆய்வாளர்களும் ஒன்றைக் காட்டினார்கள்: ‘ஆமாவா, இல்லையா’ என்று கேட்டால் இவர்களில் பலர் ‘ஆமா’ என்றே சொல்லிவிடுகிறார்கள். நேர்மாறான கேள்விக்கும் அதே ‘ஆமா’தான். எதிரே இருப்பவரைப் பிரியப்படுத்த வேண்டும், திட்டு வாங்கக் கூடாது என்று வாழ்நாள் முழுக்கப் பழகியதும் இதற்கு ஒரு காரணம். “சாமி, சித்தி வீட்ல இருக்கியா?” என்று அம்மா கேட்க, மகன் தலையாட்டினால் அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள முடியாது. இரண்டு வீட்டுப் படத்தையும் முன்னால் வைத்து, எங்கே இருக்கப் பிடிக்கும் என்று கேளுங்கள். இன்னொரு நாள் படங்களை இடம் மாற்றி வைத்துக் கேளுங்கள். பதில் வரும்வரை காத்திருங்கள். இடையில் நீங்களே எடுத்துக் கொடுக்காதீர்கள்.

வலியும் இப்படித்தான் நழுவிப் போகிறது. திடீரென்று ஒருவர் சாப்பிட மறுத்தால், கோபப்பட்டால், “அவன் அப்படித்தான்” என்று விட்டுவிடுகிறோம். பல்வலியாக இருக்கலாம், மனச்சோர்வாக இருக்கலாம். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்குத் தைராய்டு கோளாறும், வழக்கத்தைவிடச் சீக்கிரமே மறதி நோயும் வர வாய்ப்பு அதிகம். புது மாற்றம் எதுவானாலும் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும்.

“எங்களுக்கப்புறம் யாருங்க பாப்பாங்க?” பெற்றோரைத் தூங்கவிடாத கேள்வி இது. மானிடவியலாளர் ராபர்ட் எட்கர்டன் கலிபோர்னியாவில் இத்தகையவர்களுக்கான மருத்துவமனையை விட்டு வெளியே வந்த 48 பேரின் வாழ்க்கையை ஆராய்ந்து 1967-ல் ஒரு நூல் எழுதினார். வீட்டுச் சொந்தக்காரர், முதலாளி, பக்கத்து வீட்டுக்காரர் என்று யாரோ ஒருவரின் துணையில்தான் பெரும்பாலோர் காலம் தள்ளினார்கள். பல ஆண்டுகள் கழித்துத் தேடிப் பார்த்தபோது, பலர் அந்தத் துணையை முன்னளவு நம்பியிருக்கவில்லை. நம் ஊரில் மளிகைக்கடை அண்ணாச்சியும் பூக்கார அக்காவும் அப்படித் துணையாகக் கூடியவர்கள். மகனை இப்போதே அவர்களிடம் பழகவிட வேண்டும்.

18 வயதுக்குப் பிறகு பெற்றோரும் தானாகவே சட்டப் பாதுகாவலர் ஆகிவிட முடியாது. 1999-ம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, கலெக்டர் தலைமையிலான உள்ளூர் குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். அந்தக் குழுவில் மாற்றுத்திறனாளி ஒருவரும் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். விவரத்தை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்கலாம். போகும்போது மகனையோ மகளையோ கூடவே அழைத்துப் போங்கள். யார் பாதுகாவலராக இருக்க வேண்டும் என்று முதலில் அவரிடம் கேளுங்கள்.