உங்களுக்குத் தெரியுமா? ஹந்தானை மலையின் பெயரில் ஓர் இயங்குதளம்

கட்டுகஸ்தோட்டைக்குத் தெற்கே எழும் ஹந்தானை மலைத்தொடரின் பெயரைத் தாங்கி இலங்கையில் உருவானது 'ஹந்தானா லினக்ஸ்'. மாணவர்களுக்கும் வீட்டுப் பாவனையாளர்களுக்குமான இந்தக் கட்டற்ற இயங்குதளத்தின் அடித்தளம் ஃபெடோரா. ஃபெடோராவின் காவல், எஸ்.இ.லினக்ஸ் என்ற பாதுகாப்பு அமைப்பு. அமெரிக்க உளவு நிறுவனமான என்.எஸ்.ஏ. அதை எழுதி, 2000 டிசம்பரில் மூல நிரலோடு வெளியிட்டது. உளவு நிறுவனம் எழுதியதா என்று தயங்க வேண்டாம். நிரலை எவரும் வாசித்துச் சோதிக்கலாம். 2003இல் எஸ்.இ.லினக்ஸ், லினக்ஸின் கருவான கெர்னலிலேயே சேர்ந்துவிட்டது.

எந்தச் செயலி எந்தக் கோப்பைத் தொடலாம் என்று வரையறுப்பதே அதன் வேலை. ஒரு செயலிக்குள் அத்துமீறி நுழைந்து கணினியின் உச்ச அதிகாரமான 'ரூட்' அதிகாரமே பெற்றாலும், அந்த எல்லையைத் தாண்டுவது கடினம். ஏதாவது இயங்கவில்லை என்றதும் பலர் முதலில் நிறுத்துவது இதைத்தான். அது பெருந்தவறு.

ஆனால் மடிக்கணினி களவுபோனால் இது உதவாது. அதனால், இயங்குதளத்தை நிறுவும்போதே வன்தட்டைக் குறியாக்கம் செய்துவிடுங்கள்.