பெட்டியின் பிரேக் விளக்கு ஏன் எரியவில்லை?

தெல்தெனியவிலிருந்து மகியங்கனை நோக்கிச் செல்லும் ஏ 26 வீதியை எமது வாசகர்கள் நன்கு அறிவர். விக்டோரியா அணை 1985 ஏப்ரல் மாதத்தில் திறந்து வைக்கப்பட்டது. அதன் நீர்த்தேக்கத்தில் பழைய தெல்தெனிய நகரும் சுற்றியிருந்த வயல்களும் மூழ்கின. காணி இழந்த குடும்பங்களுள் சில மேட்டில் எழுந்த புதிய நகரின் அயலில் தங்கின. வேறு பல மகாவலி ‘சி’ வலயத்துக்குச் சென்றன. அன்று முதல் இரு பக்கத்து உறவுகளையும் இணைத்து வருவது இந்த வீதிதான். உடுதும்பறையைத் தாண்டியதும் ஹசலக்க வரை இறங்கும் பதினெட்டு வளைவுகளை நினைத்தாலே சாரதிமாருக்குக் கைகள் வியர்க்கும்.

இந்த வீதியில் உழவு இயந்திரத்தின் பின்னால் பெட்டியைக் கொழுவிக்கொண்டு போகிறவர்களுக்காகவே இதனை எழுதுகிறோம். நாம் பார்த்த பெட்டிகளுள் பெரும்பாலானவற்றின் சில்லுகளுக்குப் பிரேக் கிடையாது. மூடைகளின் பாரம் முழுவதையும் முன்னால் உள்ள இயந்திரமே தாங்கி நிறுத்த வேண்டும். அப்படி நிறுத்தும்போது பின்னால் வரும் பஸ்ஸுக்குச் செய்தி சொல்ல இருப்பது பெட்டியின் பிரேக் விளக்கு ஒன்றுதான். இயந்திரத்தின் சொந்த விளக்குகளைப் பெட்டி மறைத்துவிடுகிறது அல்லவா?

இதை நாமும் பட்டுத்தான் அறிந்தோம். ஒருநாள் மாலை, ஹுன்னஸ்கிரியவிலிருந்து பசளை இறக்கிவிட்டு வெறும் பெட்டியோடு திரும்பினோம். மூடுபனி. ஒரு வளைவில் மாடு குறுக்கே வர, எமது சாரதி பிரேக்கை மிதித்தார். பின்னால் வந்த லொறி ஒரு முழத் தூரத்தில் நின்றது. இறங்கி வந்த லொறிக்காரர் கோபத்தோடு கேட்டது ஒரே கேள்விதான்: “லைட் எங்கே?” அன்று காலையில்தான் அந்த விளக்கு எரிவதைப் பார்த்திருந்தோம். பெட்டி நின்ற இடத்தில் எரிந்தது, ஓடும்போது எரியவில்லை.

இத்தகைய பழுதுக்குப் பெரும்பாலும் காரணம் ‘ஏர்த்’ என்று பாஸ்மார் சொல்லும் திரும்பு வழிதான். பற்றரியிலிருந்து புறப்படும் மின்சாரம் குமிழுக்குப் போனால் மட்டும் போதாது. மீண்டும் பற்றரிக்கு வந்து சேர வேண்டும். பலர் அதற்கென்று தனி வயர் போடுவதில்லை. பெட்டியின் இரும்பும் கொழுவும் ஊசியும் கொண்டு செல்லும் என்று விட்டுவிடுகிறார்கள். கொழுவிலோ கிறீசும் துருவும் சேறும் உண்டு. நிற்கும்போது இரும்போடு இரும்பு அழுந்தியிருப்பதால் விளக்கு எரியும். குலுங்கும்போது தொடுப்பு விட்டுவிடும்.

ஏர்த் கெட்டதைக் காட்டும் அடையாளங்கள் விநோதமானவை. பிரேக்கை மிதித்தால் சிக்னல் விளக்கு மங்கலாக எரியும். அல்லது இரவில் எரிந்துகொண்டிருந்த சிவப்பு விளக்கும் அணைந்துவிடும். பேய் பிடித்ததோ என்று தோன்றும். நேர்வழி அடைபட்டதால் மின்சாரம் அடுத்த குமிழின் இழை வழியாகத் திரும்பப் பார்க்கிறது, அவ்வளவுதான். இதை உறுதி செய்ய ஒரு துண்டு வயர் போதும். அதன் ஒரு முனையை இயந்திரத்தின் சுரண்டிய இரும்பிலும் மறு முனையைப் பெட்டி விளக்கின் உலோக உடலிலும் பிடியுங்கள். விளக்கு உடனே பிரகாசித்தால் குமிழையோ சுவிட்சையோ மாற்றிப் பணத்தை வீணாக்காதீர்கள். விளக்கிலிருந்து பிளக் வரை தனி ஏர்த் வயர் ஒன்றைப் போடுங்கள்.

ஏழு முனைப் பிளக்கில் அது 3ஆம் இலக்கம். வழமையான நிறம் வெள்ளை. பிரேக் விளக்கு 6ஆம் இலக்கம், சிவப்பு. இலக்கங்கள் பிளக்கின் உள்ளே சிறிதாகப் பொறிக்கப்பட்டிருக்கும். நிறத்தை நம்ப வேண்டாம், இலக்கத்தை நம்புங்கள். கையில் கிடைத்த வயரைப் போட்டுவிடுவது எமது ஊர் வழக்கம்.

ஏர்த் சரியாக இருந்தும் விளக்கு எரியாவிட்டால், பழுது இயந்திரத்திலா பெட்டியிலா என்று முதலில் பிரித்தறிய வேண்டும். 12 வோல்ட் குமிழ் ஒன்றில் இரண்டு வயர்களைத் தொடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிளக்கைக் கழற்றி, ஒரு வயரை இயந்திரத்தின் சுத்தமான இரும்பில் பிடித்து, மற்றதை இயந்திரப் பக்கத்து 6ஆம் துளையில் தொடுங்கள். ஒருவர் பிரேக்கை மிதிக்கட்டும். குமிழ் நன்றாக எரிந்தால் இயந்திரம் சரி; பெட்டிப் பக்கம் தேடுங்கள். எரியாவிட்டால் பியூஸையும் பெடலடிச் சுவிட்சையும் பாருங்கள். சுவிட்சின் இரு முனைகளையும் வயரால் இணைத்ததும் விளக்கு எரிந்தால் சுவிட்ச்தான் பழுது.

விலையுயர்ந்த மீட்டரை விட இந்தக் குமிழே சில வேளைகளில் உண்மையைச் சொல்லும். உள்ளே ஒரு நூலிழை மட்டும் அறாமல் மிஞ்சிய வயரிலும் மீட்டர் 12 என்று காட்டிவிடும். 21 வாட் குமிழுக்கோ ஏறத்தாழ 1.75 அம்பியர் தேவை. இரண்டு குமிழ்களுக்கு 3.5 அம்பியர். நூலிழை அதைச் சுமக்காது. குமிழ் மங்கி, உங்களுக்குப் பழுதைக் காட்டிக்கொடுக்கும்.

பிளக்கின் முனைகள் பச்சை பூத்திருந்தால் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். யூரியா ஏற்றும் பெட்டிகளில் இது விரைவில் வரும். பிளவுபட்ட முனைகள் நெருங்கிப்போயிருந்தால் பேனாக் கத்தியால் மெதுவாக விரித்து விடலாம். கழற்றிய பிளக்கை நிலத்தில் போடாமல், வாய் கீழ்நோக்க எங்காவது தொங்கவிடுங்கள். வயரின் நீளமும் கவனிக்கத்தக்கது: குறுகினால் வளைவில் அறும், நீண்டால் வீதியில் தேயும்.

பியூஸ் அடிக்கடி போகிறதா? சிகரெட் பெட்டித் தாளைச் சுற்றி வைப்பவர்களைக் கண்டிருக்கிறோம். அது வயரை எரிக்கும் வழி. பிளக்கைக் கழற்றிவிட்டு மிதித்துப் பாருங்கள். அப்போது பியூஸ் நிலைத்தால், பெட்டியின் சட்டத்துத் துளையில் வயர் உரசி இரும்பைத் தொடுகிறது. அங்கே ரப்பர் வளையம் போட வேண்டும். முறுக்கி, ஷொப்பிங் பை சுற்றிய மூட்டுகளை வெட்டி எறிந்து, ஈயம் வைத்து டேப் சுற்றுங்கள்.

கனடா, அவுஸ்திரேலியா முதலிய நாடுகளில் மக்கள் காரின் பின்னால் இழுத்துச் செல்லும் வீட்டுப் பெட்டிகளுக்கு மின்சாரப் பிரேக்கே உண்டு. சில்லின் உள்ளே உள்ள மின்காந்தம் பிரேக்கை இயக்கும். ஒவ்வொரு காந்தத்துக்கும் ஏறத்தாழ 3 அம்பியர் வேண்டும். அங்கும் பெரும்பாலும் இதே துருப்பிடித்த பிளக், இதே ஏர்த்தான் தகராறு. ஆனால் அங்கே விளக்கு மங்குவதோடு நிற்பதில்லை, பிரேக்கே தளர்ந்துவிடுகிறது. பெட்டி அறுந்து பிரிந்தால் தனி பற்றரியின் உதவியால் தானாகப் பிரேக் பிடிக்கும் சுவிட்சும் அதில் உண்டு. எமக்கு அந்த வசதி இல்லை. கொழு ஊசிக்குப் பூட்டுக் கம்பியும் ஒரு பாதுகாப்புச் சங்கிலியும் இருந்தாலே பெரிது.

விளக்கோடு சேர்த்து ஒன்றையும் பாருங்கள். வயலில் இடமும் வலமும் பிரித்து மிதிக்கும் இரு பிரேக் பெடல்களையும் வீதிக்கு ஏறுமுன் பூட்டி இணைக்க வேண்டும். இணைக்காமல் ஒன்றை மட்டும் மிதித்தால் இயந்திரம் ஒரு பக்கம் இழுத்துக் கவிழும். சில இயந்திரங்களில் விளக்குச் சுவிட்ச் ஒரு பெடலில் மட்டுமே இருப்பதால், மற்றதை மிதிக்கும்போது விளக்கும் எரியாது.

இரு சில்லு லேண்ட்மாஸ்டர் வைத்திருப்பவர்கள் பலருக்குப் பற்றரியே இல்லை. அவர்கள் பெட்டியின் பின்பலகையில் இரு மூலைகளிலும் சிவப்புப் பிரதிபலிப்பான் பொருத்தட்டும். இறக்கத்தில் இடப்பக்கக் கிளச்சை இழுத்தால் அந்தச் சில்லு இயந்திரத்தின் பிடியிலிருந்து விடுபட்டு வேகமாக உருளும். வண்டி வலப்பக்கம் திரும்பும். மேட்டில் பழகிய கை இறக்கத்தில் எதிர்த்திசையில் கொண்டுபோய் விடுகிறது. ஆகவே இறக்கம் தொடங்குமுன்பே சிறிய கியருக்கு மாற்றி, கிளச்சுகளைத் தொடாமல், கைபிடியைத் தள்ளியே வளைவில் திருப்ப வேண்டும்.