பழைய அலுமினியத்தைப் புடம் போடும் உருகிய உப்பு

மும்பை தாராவியின் 13-ஆம் காம்பவுண்டுப் பகுதி பழைய சாமான்களுக்குப் பெயர் போனது. நசுங்கிய குளிர்பான டப்பா, ஓட்டை விழுந்த சட்டி, மோட்டார் உதிரிபாகம் எல்லாம் உலைக்குள் போய், அலுமினியப் பாளங்களாக வெளியே வருகின்றன.

அலுமினியம் 660 டிகிரி சென்டிகிரேடில் உருகும். தாதுவிலிருந்து புதிதாக எடுக்க ஆகும் சக்தியில் சுமார் 20-ல் ஒரு பங்கே இதற்குச் செலவு.

ஆனால் உருக்கினால் மட்டும் அழுக்கு போகாது. இரும்பு, செம்பு, எஞ்சின் பாகத்திலுள்ள சிலிக்கன் ஆகியவை கலந்துவிட்டால் பாலில் கலந்த நீர்தான். கலப்புப் பாளத்துக்கு விலையும் குறைவு.

அன்னப் பறவை

பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னம் போல, இதற்கும் ஒன்று உண்டு. அதுதான் உருகிய உப்பு.

செம்பைச் சுத்தம் செய்ய, அமிலம் கலந்த தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சுவார்கள். அலுமினியத்திடம் அது பலிக்காது. தண்ணீர்தான் பிரிந்து ஹைட்ரஜன் வாயு கிளம்பும். ஆகவே கிரையோலைட் முதலிய ஃபுளோரைடு உப்புகளை உருக்கிப் பயன்படுத்துகிறார்கள்.

தொட்டியில் மூன்று அடுக்கு. அடியில், செம்பு சேர்த்துக் கனமாக்கிய அழுக்கு அலுமினியம். நடுவில் உப்புக் குழம்பு. மேலே மிதப்பது சுத்த அலுமினியம். மின்சாரம் பாய்ந்ததும் அலுமினியம் உப்பில் கரைந்து மேலே போய்ச் சேரும். இரும்பும் செம்பும் சிலிக்கனும் அடியிலேயே தங்கும். மக்னீசியம் உப்போடு நின்றுவிடும்.

கிடைப்பது 99.99 சதவீதச் சுத்தம். அமெரிக்கப் பொறியாளர் வில்லியம் ஹூப்ஸின் பெயரால் வழங்கும் முறை இது. மின்தேக்கிகளில் வைக்கும் மெல்லிய தகட்டுக்கு இத்தகைய அலுமினியம் தேவை.

நம் கல்பாக்கத்திலும், இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில், அணு உலை எரிபொருள் உலோகத்தை லித்தியம், பொட்டாசியம் குளோரைடு உப்புகளில் சுத்திகரிக்க ஆராய்ச்சி நடந்துள்ளது.

கைதான் முதல் உலை

தகரக் கொட்டகையில் இதைச் செய்ய முடியுமா? முடியாது. புதிய அலுமினியம் எடுப்பதற்கு ஏறக்குறைய ஈடான மின்சாரம் வேண்டும். ஃபுளோரைடு ஆவியோ நெஞ்சைக் கெடுக்கும்.

ஆகவே தொழிலாளிக்கு லாபம், உருக்குமுன் பிரிப்பதில்தான். காந்தத்தைக் காட்டினால் இரும்பு ஒட்டிக்கொள்ளும். கம்பி வேறு, பாத்திரம் வேறு, எஞ்சின் வார்ப்படம் வேறு என்று குவித்தால் பாளத்தின் தரம் உயரும்.

இன்னொன்று, உயிர் சம்பந்தப்பட்டது. டப்பாவுக்குள் தண்ணீர் தங்கியிருந்தால் உருகிய உலோகம் வெடித்துச் சிதறும். நன்றாகக் காய்ந்த பிறகே உலையில் போட வேண்டும். அழுக்கைப் பிரிப்பதற்கு மின்சாரம் இல்லாவிட்டால் போகட்டும். ஈரத்தைப் பிரிக்க வெயில் இலவசமாகவே கிடைக்கிறது.